சினைப்பைப் புற்றுநோய் அபாயம்: பரிசோதனைப் பேக்கேஜுக்கு ஒன்று, மரபணு ஆலோசனைக்கு நான்கு

சினைப்பைப் புற்றுநோய் வரும் அபாயம் உங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம் என இரண்டு விதமான சேவைகளை விற்கிறார்கள். ஒன்று, ரத்தத்தில் சிஏ 125 என்ற புரதத்தின் அளவு பார்த்து, ஒரு ஸ்கேனும் எடுத்து, கடைசியில் "நார்மல்" என்று சீட்டு தருகிற பரிசோதனைப் பேக்கேஜ். இன்னொன்று மரபணு ஆலோசனை. ஒருவர் நம்மோடு உட்கார்ந்து குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்றெல்லாம் கேட்டுவிட்டு, தேவை இருந்தால் மட்டும் மரபணுப் பரிசோதனைக்கு எழுதித் தருவார். எங்கள் வீட்டில் இரண்டையும் பார்த்துவிட்டோம். பேக்கேஜுக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் ரத்தம் எடுத்த பெண் வலிக்காமல் எடுத்தார் என்பதற்காக. ஆலோசனைக்கு நான்கு. இரண்டு இடங்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. இந்தச் சேவைகள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கின்றன, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எதற்காகப் போனோம் என்றால், அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, நாற்பதுகளின் நடுவில் சினைப்பைப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். அப்பாவின் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததாகச் சொல்வார்கள், நான் அவரைப் பார்த்ததில்லை. அம்மா பக்கத்தில் யாருக்கும் எதுவும் இல்லை. அம்மா பக்கம் இல்லை என்பதால் எங்களுக்குப் பயமில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காதான் எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று பேக்கேஜைப் பதிவு செய்தாள்.

முதலில் அந்தப் பேக்கேஜ். போனதும் ஒரு படிவம் தந்தார்கள். அதில் குடும்ப வரலாறு என்று ஒரு வரி. அம்மா, சகோதரி, மகள் என்று மூன்று கட்டங்கள், பக்கத்தில் டிக் அடிக்க இடம். அத்தைக்குக் கட்டம் இல்லை, அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் இல்லை. அக்கா ஓரத்தில் பேனாவால் "அத்தை (அப்பா வழி)" என்று எழுதிக் கொடுத்தாள், அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. பெண்களுக்கு வரும் நோய் என்பதால் பெண்கள் வழியாகத்தான் வரும் என்ற நினைப்பு படிவத்தை அச்சடித்தவருக்கே இருந்திருக்கிறது. பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற இரண்டு மரபணுக்களும் 17, 13ஆம் குரோமோசோம்களில் இருக்கின்றன, அதாவது ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோமில் இல்லை. பழுதான பிரதி அப்பாவிடம் இருந்தாலும் அம்மாவிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு சரிபாதி. அப்பாவுக்குச் சினைப்பை இல்லை, அதனால் அவரிடம் அது சத்தமில்லாமல் இருந்துவிட்டு அடுத்த தலைமுறைக்குப் போகும். இதைக் கேட்காத படிவம் எதைக் கேட்டும் பயனில்லை.

அக்காவின் சிஏ 125 முடிவு 60ஐத் தாண்டி வந்தது. 35க்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் அச்சாகியிருக்க, எண்ணின் மேல் சிவப்பு அம்புக்குறி. போனில் வந்த செய்தி அவ்வளவுதான், கூட ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு வீட்டில் யாரும் தூங்கவில்லை. அக்காவுக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்தோல் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய், இருக்கிறது, ரத்தம் கொடுத்த அன்று மாதவிடாயும் கூட. இரண்டுமே சிஏ 125ஐ ஏற்றிவிடும். கர்ப்பம், கருப்பையில் நார்க்கட்டி, இடுப்பறையில் தொற்று, கல்லீரல் நோய் என்று அதை ஏற்றிவிடக் காத்திருக்கும் காரணங்கள் நிறைய. மறுபக்கம், முதல் நிலையில் இருக்கும் சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த எண் ஏறுவதே இல்லை. நோய் இருப்பவரை விட்டுவிட்டு நோய் இல்லாதவரைப் பயமுறுத்தும் டெஸ்ட்டை, ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு ஏன் விற்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சிகிச்சையில் இருப்பவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அது நல்ல கருவி, அத்தைக்கு அப்படித்தான் பார்த்தார்கள். அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றக் கூடாது.

இது என் கோபம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 78,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வந்தது. வருடாவருடம் சிஏ 125, கூடவே ஸ்கேன். இறப்பு குறையவில்லை. நோயே இல்லாமல் "இருக்கலாம்" என்று தவறாகக் காட்டப்பட்டவர்கள் 3,285 பேர், அதில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறது, அவர்களில் 163 பேருக்குப் பெரிய சிக்கல். பிரிட்டனில் 2 லட்சம் பெண்களுக்கு மேல் வைத்துச் செய்ததன் கடைசி முடிவு 2021இல் வந்தது. அதில் சில புற்றுகள் சற்று முன்னதாகவே பிடிபட்டன, ஆனாலும் இறந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. அறிகுறி இல்லாத, அதிக அபாயமுள்ள பரம்பரைச் சிக்கல் இருப்பதாகத் தெரியாத பெண்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018இல் மறுபடி சொன்னது. இதெல்லாம் தெரிந்த பிறகும் "பெண்கள் நலம்" என்று ரோஸ் நிற அட்டையில் போட்டு விற்கிறார்கள்.

மாதவிடாய் முடிந்து மறுபடி எடுத்ததில் எண் 35க்குக் கீழே வந்தது. ஸ்கேனும் சரி. "நார்மல், அடுத்த வருடம் வாருங்கள்." அக்காவுக்கு நிம்மதி. விஷயம் இதோடு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். அத்தையின் மருத்துவர்தான் ஒருமுறை பேச்சோடு பேச்சாக, உங்கள் குடும்பத்தில் யாராவது மரபணு ஆலோசகரைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

அப்புறம்தான் ஆலோசனைக்குப் போனோம். வீடியோவிலும் பார்க்கலாம், நேரிலும் பார்க்கலாம் என்றார்கள், நாங்கள் நேரில் போனோம். ஆலோசகர் முதலில் எந்த டெஸ்ட்டைப் பற்றியும் பேசவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, புற்றுநோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு என்று எங்கள் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வரைந்தார். ஒவ்வொருவருக்கும் இரண்டு கேள்வி: எந்த உறுப்பில், எந்த வயதில். இரண்டாவது கேள்விக்கு எப்படியோ பதில் சொல்லிவிடுவோம், முதல் கேள்வியில்தான் தடுமாறினோம். பாட்டியின் தங்கைக்கு "வயித்துல கட்டி" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அது கருப்பையா, கருப்பை வாயா, சினைப்பையா, குடலா? யாருக்கும் தெரியாது. குடல் என்றால் அது வேறு கதை, லிஞ்ச் நோய்க்குறி என்று இன்னொரு பரம்பரைச் சிக்கல் இருக்கிறது, அதில் குடல், கருப்பை, சினைப்பை மூன்றுக்கும் அபாயம் கூடும். ஊகித்துக் கறுப்பு அடிக்காமல் அந்த வட்டத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அத்தையின் பயாப்ஸி அறிக்கையைக் கேட்டார். அதில் "ஹை கிரேடு சீரஸ்" என்று இருந்ததைப் பார்த்ததும் அந்த இடத்தில் கோடு போட்டார். சினைப்பைப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது பல நோய்களின் கூட்டம், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஹை கிரேடு சீரஸ் வகைதான் அதிகம் வருவது, பிஆர்சிஏ பிறழ்வோடு, அதாவது அந்த மரபணுவில் உள்ள பழுதோடு, வருவதும் பெரும்பாலும் அதுதான். எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர்களுக்குக் கூடும் என்பது கிளியர் செல், எண்டோமெட்ரியாய்டு என்ற வேறு வகைகள். புகைபிடிப்பதோடு தொடர்புள்ளது மியூசினஸ் என்ற இன்னொரு வகை. பேக்கேஜில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

யாருக்கு முதலில் டெஸ்ட் என்பதிலும் ஒரு விவரம் கற்றுக்கொண்டேன். அக்காவும் நானும் எங்கள் ரத்தத்தைக் கொடுக்கத் தயாராக நின்றோம். அவர் அத்தைக்குத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். நோய் வந்தவரிடம் பிறழ்வைக் கண்டுபிடித்துவிட்டால், பிறகு மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், வரும் "இல்லை" என்ற பதிலும் உறுதியானதாக இருக்கும். அத்தையைப் பார்க்காமல் எனக்கு மட்டும் பார்த்து எதுவும் இல்லை என்று வந்தால், உண்மையிலேயே இல்லையா அல்லது குடும்பத்தில் ஓடுவது இந்த டெஸ்ட்டில் பிடிபடாத வேறு ஒன்றா என்று தெரியாது. வீட்டிலேயே எச்சில் துப்பி அனுப்பும் பெட்டிகளை வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்படி ஒரு பரிசோதனை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிஆர்சிஏ பிறழ்வுகளில் பார்த்தது மூன்றே மூன்றைத்தான், அந்த மூன்றும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அஷ்கநாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. மற்றவர்களுக்கு அதில் வரும் "இல்லை" என்ற பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அத்தைக்குப் பிஆர்சிஏ 1இல் பிறழ்வு இருந்தது. அடுத்து அப்பா. "எனக்கு எதுக்கும்மா, அது பொம்பளைங்க சமாச்சாரம்தானே" என்றார். ஆலோசகர் அவரிடம் தனியாகப் பேசினார். ஆண்களுக்கும் புராஸ்டேட், கணையம், அரிதாக மார்பகத்திலும் அபாயம் கொஞ்சம் கூடும் என்று சொன்னதைவிட, "உங்களிடம் இல்லை என்று வந்துவிட்டால் உங்கள் பிள்ளைகள் யாருக்கும் இந்த டெஸ்ட்டே தேவையில்லை" என்று சொன்னதில்தான் அவர் இறங்கி வந்தார். அப்பாவுக்கு இருந்தது. பிறகு எங்கள் இருவருக்கும் பார்த்தார்கள். எனக்கு இல்லை. அக்காவுக்கு இருந்தது. "நார்மல், அடுத்த வருடம் வாருங்கள்" என்று சீட்டு வாங்கியிருந்த அதே அக்காவுக்கு.

முடிவைச் சொன்ன விதத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். எண்களை மறைக்கவும் இல்லை, தலையில் போடவும் இல்லை. பொதுவாக ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு நூறில் ஒன்றுக்குச் சற்று மேல். பிஆர்சிஏ 1 பிறழ்வு இருந்தால் 80 வயதுக்குள் நூறில் சுமார் 44, பிஆர்சிஏ 2 என்றால் சுமார் 17. இதைச் சொல்லிவிட்டு உடனே, இந்த 44 நாளைக்கே வந்து நிற்பது இல்லை, நாற்பதுக்கு முன் குறைவு, அதற்குப் பிறகுதான் ஏறும் என்று வயதுவாரியாக ஒரு வரைபடம் காட்டினார். அக்கா அந்தக் கோட்டில் தன் வயதை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். இன்னும் யோசிக்க நேரம் இருக்கிறது என்று அவளுக்கு அங்கேதான் புரிந்தது. பிஆர்சிஏ 1 உள்ளவர்கள் பிள்ளை பெற்றுக்கொள்வதை முடித்துவிட்டு 35 முதல் 40க்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவதைத்தான் பரிந்துரைக்கிறார்கள், அதனால் அபாயம் சுமார் 80 சதவீதம் குறைகிறது. சும்மா ஒன்றும் இல்லை, அந்த வயதிலேயே மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு, இதயம், தூக்கம் எல்லாவற்றுக்கும் அதன் விளைவு உண்டு. முதலில் கருக்குழாயை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பையைப் பின்னால் எடுப்பது பாதுகாப்பா என்று இன்னும் ஆய்வுகள் நடக்கின்றன. எல்லாவற்றையும் சொன்னார், முடிவை மட்டும் அக்காவிடம் விட்டார். அறுவை சிகிச்சை நிபுணர்களிடம் போயிருந்தால் தேதி குறித்துக் கொடுத்திருப்பார்கள்.

கருக்குழாயை ஏன் எடுக்க வேண்டும் என்று நான் கேட்டேன். இந்த நோய் உண்மையில் எங்கே தொடங்குகிறது என்பதே இருபது வருடத்துக்குச் சற்று மேலாகத்தான் தெளிவாகி வருகிறது. பரம்பரை அபாயத்துக்காக முன்னெச்சரிக்கையாக எடுக்கப்பட்ட உறுப்புகளை நெதர்லாந்தில் ஆராய்ந்தபோது, சினைப்பை சுத்தமாக இருக்க, கருக்குழாயின் உள்தோலில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் தெரிந்தன. 2001இல் அதை வெளியிட்டார்கள். ஹை கிரேடு சீரஸ் வகையில் பெரும்பகுதி கருக்குழாயின் நுனியில் தொடங்கிச் சினைப்பையில் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் இப்போதைய கருத்து. ஸ்கேனில் ஏன் சிக்குவதில்லை என்பதும் இதிலிருந்து புரிகிறது. பார்க்கும் இடத்தில் அது தொடங்குவதில்லை, அங்கே வந்து சேரும்போது பெரும்பாலும் தாமதமாகிவிடுகிறது.

பரம்பரை இல்லாதவர்களுக்கு எதனால் வருகிறது என்பதற்கும் நேரம் ஒதுக்கினார். எனக்குப் பிறழ்வு இல்லை என்பதால் இந்தப் பகுதி எனக்கானது, ஏனென்றால் பெரும்பாலான சினைப்பைப் புற்றுநோய் பரம்பரைப் பிறழ்வு இல்லாதவர்களுக்குத்தான் வருகிறது. முதல் காரணம் வயது, மாதவிடாய் நின்ற பிறகுதான் அதிகம். அடுத்தது, வாழ்நாளில் எத்தனை முறை முட்டை வெளிவந்தது என்பது. ஒவ்வொரு மாதமும் சினைப்பையின் மேல்தோல் கிழிந்து முட்டை வருகிறது, பிறகு ஆறுகிறது, மறுபடி கிழிகிறது. ஆறிய புண்ணைத் திரும்பத் திரும்பக் கீறினால் ஒருநாள் சரியாக ஆறாமல் போவது போல என்று, எகிப்திய மருத்துவர் ஃபதல்லா 1971இல் முன்வைத்த கருத்து இது. முட்டை வெளிவருவதை நிறுத்திவைக்கும் எதுவும் அபாயத்தைக் குறைக்கிறது: கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, கருத்தடை மாத்திரை. மாத்திரை விஷயம் எனக்குப் புதிது. 45 ஆய்வுகளைச் சேர்த்து 2008இல் வெளியான கணக்கில், சுமார் 15 வருடம் எடுத்தவர்களுக்கு அபாயம் பாதியாகக் குறைந்திருந்தது, நிறுத்தி முப்பது வருடம் ஆன பிறகும் அந்தப் பலன் ஓரளவு இருந்தது. அதற்காக எல்லோரும் போய் வாங்கிவிடாதீர்கள், மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைவது என்று அதற்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது, அதையும் அவர்தான் சொன்னார். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகக் கருக்குழாயைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் அபாயம் குறைவாகவே தெரிகிறது.

குழந்தை இல்லாதவர்களுக்குக் கூடுதல் என்று படித்துவிட்டு என் தோழி ஒருத்தி தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு திரிந்தாள், அவளுக்காகவும் ஒரு கேள்வி கேட்டேன். கூடுதல்தான், ஆனால் அது ஒருவருடைய மொத்த அபாயத்தில் சிறிய நகர்வு, நூறில் ஒன்று சற்றே கூடுவது. குழந்தைக்காக எடுக்கும் சிகிச்சை மருந்துகளைவிட, குழந்தை தங்காததற்குக் காரணமான எண்டோமெட்ரியோசிஸ் போன்றவைதான் இதில் கணக்கைக் குழப்புகின்றன. அந்த எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் வாழ்நாள் அபாயம் இரண்டு சதவீதத்துக்குக் கீழேதான். மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஹார்மோன் மாத்திரை கொஞ்சம் கூட்டும்: ஐம்பது வயதில் தொடங்கி ஐந்து வருடம் எடுக்கும் ஆயிரம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வருகிறது என்று 2015இல் கணக்கிட்டார்கள். உடல் எடையும் சிறிய அளவில் சேரும். உயரமும்கூட, அதற்கு யார் என்ன செய்ய முடியும். சாதாரண நீர்க்கட்டி புற்றாக மாறுமா என்று எல்லோரும் கேட்பதை நானும் கேட்டேன், மாதச் சுழற்சியில் வந்து போகும் கட்டிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முடித்துவிட்டார்.

டால்க் பவுடர் பற்றிய கேள்விக்கு மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். மழுப்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2024இல் டால்க்கை "புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என நம்ப இடமுள்ளவை" வரிசையில் சேர்த்தது. சுமார் இரண்டரை லட்சம் பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வில் உறுதியான தொடர்பு தெரியவில்லை. இரண்டையும் சொல்லிவிட்டு, "பிறப்புறுப்பில் பவுடர் போட ஒரு தேவையும் இல்லை, நிறுத்திவிடுங்கள், இதுவரை போட்டதற்காகக் கவலைப்படாதீர்கள்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஐந்து தராமல் ஏன் நான்கோடு நிறுத்தினேன் என்றால், எழுத்தில் வந்த அறிக்கை. பேச்சில் அவ்வளவு தெளிவாக இருந்தவர்கள், எழுத்தில் ஒரு தடித்த கோப்பை அனுப்பினார்கள், முக்கியமான வரியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சித்தப்பா மகள் அவசரப்பட்டு ஆலோசனையைத் தவிர்த்துவிட்டு, இதே நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகப் பதிவு செய்தாள். அவளுக்கு அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். தளமோ தானாகவே பல மரபணுக்களின் பெரிய தொகுப்பைத் தேர்ந்துகொண்டது. குடும்பப் பிறழ்வு அவளுக்கு இல்லை, ஆனால் வேறொரு மரபணுவில் "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று மஞ்சள் கட்டத்தில் வந்தது. இப்படி வந்து பின்னால் மாற்றி வகைப்படுத்தப்படுவதில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே ஆகின்றன, அதை வைத்து யாரும் அறுவை சிகிச்சைக்கு ஓடக் கூடாது என்பதுதான் விதி. அறிக்கையில் அந்த விளக்கம் எங்கோ பின்பக்கத்தில் பொடி எழுத்தில். அவள் ஒரு வாரம் அழுதுகொண்டே இருந்தாள், விளக்கம் சொல்ல அழைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. இன்னொரு எரிச்சல், இதே நிறுவனத்திலிருந்து "உங்கள் குடும்பத்துக்கான வருடாந்திர சிஏ 125 திட்டம்" என்று மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே ஆலோசகர் வேண்டாம் என்று சொன்னதை வெளியே விற்பனைப் பிரிவு தள்ளுபடியில் தருகிறது.

யார் போகலாம்? ரத்த உறவில் ஒருவருக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அப்பா வழியோ அம்மா வழியோ, எந்த வயதில் வந்திருந்தாலும் போகலாம். ஐம்பதுக்கு முன் மார்பகப் புற்று, ஆண்களுக்கு மார்பகப் புற்று, ஒரே பக்கத்தில் குடலும் கருப்பையும் என்று இருந்தாலும் போகலாம். இது எதுவும் இல்லாதவர்கள் இதற்குப் போக வேண்டியதில்லை, பேக்கேஜுக்கும் போக வேண்டியதில்லை. வயிறு உப்பியே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்றில் வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது, இவை புதிதாகத் தொடங்கி மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அப்போது எடுக்கும் சிஏ 125க்கும் ஸ்கேனுக்கும் அர்த்தம் இருக்கிறது. கருப்பை வாய்க்கு எடுக்கும் பாப் ஸ்மியர் இதைக் காட்டாது, அது சரியாக இருக்கிறது என்று இதையும் விட்டுவிட வேண்டாம்.

போகிறவர்கள் நோய் வந்த உறவினரின் பயாப்ஸி அறிக்கையைக் கையோடு எடுத்துப் போங்கள். பதிவு செய்யும்போதே, முடிவு வந்த பிறகு பேசும் அமர்வு இதில் சேர்ந்ததா, உறவினர்களுக்குக் கொடுக்க எளிய மொழியில் ஒரு கடிதம் தருவார்களா என்று கேளுங்கள். எங்களுக்கு அந்தக் கடிதம் கேட்ட பிறகுதான் வந்தது. ஒரே பக்கம், எந்த மரபணு, எந்தப் பிறழ்வு, யார் யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது. அப்பா அதைப் பிரதி எடுத்துத் தன் அண்ணன் தம்பிகளுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.